பொன்னுக்கு வீங்கியும் ஒரு கரடியும்

அறுபத்தாறு வயசில் வருகிற நோயா இது, சர்க்கரை வரலாம், முட்டி தேயலாம், மூத்திரம் சொட்டலாம், அதெல்லாம் மரியாதையான நோய், டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பேர் சொல்லிப் பீற்றிக்கொள்ளலாம், பொன்னுக்கு வீங்கி என்று எந்த வாயால் சொல்வது, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு வருகிற சீக்கு, என்று கோமதிநாயகம் நார்க்கட்டிலில் சாய்ந்தபடி தொண்டைக்குள்ளேயே கறுவினார். கறுவத்தான் முடிந்தது. வாயைத் திறந்தால் காதடியில் யாரோ ஸ்குரூ முறுக்குகிற மாதிரி இருந்தது. இரண்டு தாடையும் ஊதி, கழுத்தும் முகமும் ஒன்றாகி, கண்ணாடியில் பார்த்தால் பூசணிக்காய்க்கு மீசை வரைந்து வைத்த மாதிரி ஒரு ஆள். அந்தப் பூசணிக்காய்க்கு இரண்டு பக்கமும் நாமக்கட்டி உரசிப் பத்துப் போட்டிருந்தாள் பெண்டாட்டி உலகம்மை. போதாததற்குக் கழுத்தில் அவளுடைய இரட்டைவடச் சங்கிலி. பொன்னுக்கு ஏங்கி வீங்குகிற வீக்கமாம், பொன்னைப் போட்டால்தான் வடியுமாம். முப்பது வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, தோல்பையைத் தவிர வேறெதையும் தோளில் மாட்டியறியாத மனுசன் இப்போது கல்யாணப் பெண் மாதிரி டாலர் வைத்த சங்கிலியோடு கிடக்கிறார். டாக்டர் என்னடாவென்றால், இது வைரஸ், மருந்து கிடையாது, தானா வந்தது தானா போகும், கஞ்சி குடியுங்க என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர், அவருக்கு ஒரு ஃபேன், அந்த ஃபேனுக்குக் கீழே ரெண்டு மணி நேரம் காத்திருப்பு. எச்சில் வழியாத்தான் பரவும் என்று வேறு சொன்னார். எச்சிலா, எச்சில் தொட்டு எச்சில் தொட்டு எத்தனை லட்சம் டிக்கெட் கிழித்த விரல் இது, அப்போதெல்லாம் வராத வைரஸ் இப்போது எந்த ஸ்டாப்பில் ஏறியது, டிக்கெட் எடுக்காமல் ஏறி இரண்டு பக்கமும் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. கிளம்பும்போது டாக்டர் குனிந்து காதோடு, கீழே எதுவும் வீக்கம் இருக்கா என்று கேட்டார். அவர் மெதுவாகத்தான் கேட்டார். உலகம்மைதான் வாசலில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது, "கீழே வீங்கியிருக்கான்னு கேக்காருங்க, இருக்கா இல்லையா, சொல்லுங்களேன்!" என்று கத்தினாள். அன்றைக்கே வைரஸ் தன் வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கலாம்.

இதெல்லாம்கூடப் பொறுக்கலாம், பூதத்தான் வந்து உட்கார்ந்திருப்பதுதான் பொறுக்க முடியவில்லை. பூதத்தான் அவருடைய டிரைவர். இருபத்திரண்டு வருஷம் ஒரே வண்டி, அம்பாசமுத்திரத்திலிருந்து மலையடி ரோடு வழியாகக் கடையம், அவன் முன்னால் ஸ்டியரிங், இவர் பின்னால் விசில். நாளைக் காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கு மகள் வீட்டோடு போகிறான், இனி இந்தப் பக்கம் வரமாட்டான். போகிறவன் போக வேண்டியதுதானே. போன வாரம் டீக்கடையில் கிளாசை உருட்டிக்கொண்டே, "வே கோமதி, மனசுல ஒரு பாரம் கிடக்குவே, ஊரைவிட்டுப் போறதுக்கு முந்தி மைனிகிட்ட ஒரு விசயத்தைச் சொல்லி இறக்கிரணும்" என்றான். உலகம்மையைத்தான் அவன் மைனி என்பான். என்ன விசயம் என்று இவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷமாக இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விசயம் ஒன்றுதான் இருக்கிறது, அதைக் கேட்டு வேறு தெரிந்துகொள்ள வேண்டுமா. அடுத்த நாளே தாடை வீங்கிவிட்டது. எப்போது அவன் அந்தப் பேச்சை எடுத்தாலும் பாதியிலேயே பாய்ந்து பிடுங்கிக்கொண்டு தன் வழியில் ஓட்டிப்போன வாய், இன்றைக்கு ஒரு ஸ்பூன் நுழையாத வாயாகக் கிடக்கிறது. "எனக்கு எட்டு வயசிலேயே வந்துட்டுப் போயிட்டு மைனி, ஒருதரம் வந்தா மறுதரம் வராதாம்" என்று சொல்லிக்கொண்டு கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். தொற்றும் என்று சொல்லி விரட்டக்கூட வழியில்லை. உலகம்மை அவனுக்குக் காப்பி கொண்டுவந்து டம்ளரைத் தரையில் டொக்கென்று வைத்தாள். முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான் வைக்கிறாள். அவன் கையில் கொடுத்ததே இல்லை. ஒவ்வொரு டொக்குக்கும் இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவன் காப்பியை உறிஞ்சிவிட்டு, "மைனி, கொஞ்சம் இப்படி உக்காருங்களேன்" என்று ஆரம்பித்த நேரத்தில்தான் சுகாதார நர்சு வந்தாள், சாமி மாதிரி வந்தாள். ஜெஸ்லின் என்று பேர், நாகர்கோவில் பக்கமிருந்து மாற்றலாகி வந்த பெண், மூக்குவரை துணி கட்டிக்கொண்டு, கையில் நோட்டு. தெருவில் யார் யாருக்குத் தாடை வீங்கியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு வருகிறாள். உட்காரம்மா, நல்லா உட்கார், மத்தியானம்வரை உட்கார், எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேள், இந்த ஆள் எழுந்து போகிறவரை கேட்டுக்கொண்டே இரு. "ஐயாவுக்கு என்னைக்கு வீங்கிச்சு?" இவர் ஐந்து விரலைக் காட்டினார். "காய்ச்சல்?" தலையாட்டினார். "புளிப்பு எதுவும் சாப்பிடக் குடுத்திராதீங்கம்மா, ஊறுகாய், எலுமிச்சம்பழம், நெல்லிக்காய் எதுவும் ஆகாது, எச்சில் ஊறுச்சுன்னா வலி உயிர் போயிரும்." நெல்லிக்காய் என்று அவள் சொன்ன மாத்திரத்தில் நாக்கடியில் நீர் சுரந்து இரண்டு காதுக்குக் கீழேயும் ஊசி ஏறியது, இவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஆகாது என்று சொல்வதற்கு அதன் பேரைத்தான் சொல்ல வேண்டுமா, புளிப்பு என்றால் போதாதா. வலி இறங்கிக் கண்ணைத் திறந்து பார்த்தால் நர்சு நோட்டை மூடிவிட்டாள், அதற்குள் மூடிவிட்டாள், உலகம்மை அவளுக்குக் காப்பி நீட்டுகிறாள், இடது கையால் டம்ளரின் அடியை மரக்கட்டை மாதிரி தாங்கிக்கொண்டு. "என்னம்மா மணிக்கட்டு மடங்காதா? அடிபட்டதா?" என்று கேட்டாள் அந்தப் பெண். சாமி மாதிரி வந்தவள். "அதுவா, அது கரடி செஞ்ச வேலை" என்றாள் உலகம்மை. "கரடியா!" "ஆமா, கரடி. இந்தா உக்காந்திருக்காரே டிரைவர், அவரு கரடியைப் பாத்துப் பயந்து வண்டியைக் கால்வாயில விட்டாரு, உள்ள இருந்த என் கை போச்சு. இவங்க சொன்னா நல்லா இருக்கும், பாவம், வாயைத் தொறக்க முடியலையே." அப்போது பூதத்தான் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் சொல்லுதேன் மைனி, நானே சொல்லுதேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றான்.

இவர் கையை ஆட்டினார். கொசுவை விரட்டுகிறார் என்று நினைத்து உலகம்மை ஃபேனைக் கூட்டி வைத்தாள். பூதத்தான் ஆரம்பித்துவிட்டான், "அன்னைக்குக் காலையில ஒரு பத்து மணி இருக்கும்" என்று. பத்து மணியா, மத்தியானம் பன்னிரண்டரைடா, மார்கழித் தூறல் விட்டு வெயில் அடித்த நேரம், முதல் வரியிலேயே தப்பு. "இடது பக்கத்துப் புதர்லேருந்து ஒரு பொட்டைக் கரடி." வலது பக்கம்! முப்பத்தொரு வருஷமாக அந்தக் கரடி வலது பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது, இடது பக்கம் கால்வாய், கால்வாயிலிருந்து கரடி எப்படி வரும், நீந்தியா வந்தது, கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா. பொட்டையாம். இவன் போய்ப் பார்த்தானா. இவருக்குக் காதிலிருந்து கழுத்துவரை விண்ணென்று தெறித்தது, வலியா எரிச்சலா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு கரடியை வளர்க்க எத்தனை பாடு. முதல் வருஷம் அது சும்மா ரோட்டைக் கடந்து போனது, அவ்வளவுதான், ஒரு கறுப்பு, ஒரு ஓட்டம். மகள் பிறந்த வருஷம் பின்னங்காலில் எழுந்து நின்றது. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது படிக்கட்டில் கை வைத்தது. அதற்கப்புறம்தான் ஏறி உள்ளே வந்து நெடுஞ்சீட்டில் உட்கார்ந்தது, எல்லாம் ஒரே நாளில் நடந்ததா, கடைசியாக இவர் ரிட்டையரான பிறகுதானே அதற்கு டிக்கெட் கிழித்தார், அதுவும் அரை டிக்கெட், கரடிக்கு வயசு ஏழுதான் என்று. விசில் ஊதியதும் அது தலையைக் குனிந்து இறங்கிப் போனதை மட்டும் சரியாக்க நாலு வருஷம் ஆயிற்று. அந்த விசிலை இந்த மடையன் மறந்தே போனான். கரடி எழுந்து நிற்கிறது, உறுமுகிறது, இவன் பாட்டுக்குப் போகிறான், விசில் எங்கே, விசில் இல்லாமல் அது எப்படி இறங்கும். நர்சு மூக்குத் துணியைக் கீழே இறக்கிவிட்டு வாயைப் பிளந்து கேட்கிறாள். "நான் என்ன செஞ்சேன் தெரியுமா தாயி? ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கண்ணைப் பொத்திக்கிட்டேன்." அவள் சிரித்தாள். உலகம்மையும் சிரித்தாள், "பொத்திக்கிட்டாராம், பெரிய ஆம்பளை" என்றாள். ஓடாதே பூதத்தான், மெதுவாகப் போ, எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியும், வளைவு வருகிறது, அங்கே நிறுத்திவிட்டு, கரடியும் கிடையாது கத்தரிக்காயும் கிடையாது மைனி என்று சொல்லப்போகிறாய், சொல்லிவிட்டு நீ ஓசூருக்குப் போய்விடுவாய், நான் இந்தக் கட்டிலில் இந்தச் சங்கிலியோடு இவள் முகத்துக்கு எதிரே கிடக்க வேண்டும்.

"வண்டியில வேற ஆள் கிடையாது, காலி வண்டி, டீசல் போடப் போய்க்கிட்டிருந்தோம். மைனி மட்டும் பின்சீட்டுல. ஆழ்வார்குறிச்சிக்கு அவங்க அம்மா வீட்டுக்குப் போறாங்க, கூட ஒரு மூட்டை நெல்லிக்காய்." இவர் கண்ணை இறுக்கி மூடினார். ஊறிவிட்டது. எச்சில் ஊற ஊற இரண்டு பக்கமும் இடுக்கி வைத்து முறுக்கியது, நாமக்கட்டி காய்ந்து தோலை இழுத்தது, சங்கிலியின் டாலர் கழுத்துக் குழியில் கிடந்து சுட்டது. நெல்லிக்காய்தான் முதலில் உருண்டது. வண்டி சாய்ந்து நின்ற பிறகு ஒரு சத்தமும் இல்லை, பச்சைப் பச்சையாக நெல்லிக்காய் மட்டும் பின்னாலிருந்து இருக்கைகளுக்கு அடியில் உருண்டு உருண்டு முன்னால் வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே, இவர் காலடியில் சேர்ந்தது. பூதத்தான் காலடியில் இல்லை. இவர் காலடியில். கல்யாணமாகி ஆறு மாசம், பின்சீட்டில் புதுப்பெண்டாட்டி பஸ் வாடை ஆகாமல் முந்தானையால் தலைவரை போர்த்திப் படுத்திருக்கிறாள், காலி ரோடு, வெயில், "ஒரு கல் தூரம் குடுடா, ஒரே ஒரு கல், லைசன்சு என்ன லைசன்சு, உன்னைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வந்துடுச்சுடா" என்று கெஞ்சியது யார். எழுந்து இடம் விட்டது யார். அவ்வளவு பெரிய ஸ்டியரிங் கையில் வந்ததும் ஒரு குஷி, கண்ணாடியில் அவள் முந்தானையை விலக்கிப் பார்க்கிறாளா, நான் ஓட்டுகிறதைப் பார்க்கிறாளா என்று பார்த்தார், பார்த்த அந்த நேரத்தில் வளைவு வந்தது, கரடி எல்லாம் வரவில்லை. பூதத்தான்தான் முதலில் எழுந்தான், இவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டு ஏறி ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டான், "பையை மாட்டும்வே, சீக்கிரம் பையை மாட்டும்" என்றான். அப்போதுதான் பின்னாலிருந்து அவள், கை எங்கேயோ மாட்டிக்கொண்டு, "என்னங்க, என்னங்க ஆச்சு" என்று கேட்டாள். ஒரே ஒரு நிமிஷம் கொடுத்திருந்தால் வேறு ஏதாவது வாயில் வந்திருக்கும். வந்தது, "கரடி." முதலாளி பூதத்தானை ஆறு மாசம் ஷெட்டில் வண்டி கழுவ விட்டார். இவள் கையில் போட்ட கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு மடங்கவில்லை. அன்றிலிருந்து ஈரச் சேலையைப் பிழிவதென்றால் ஒரு தலைப்பைக் குழாயில் சுற்றிவிட்டு இன்னொரு தலைப்பை வலது கையால் முறுக்குவாள். தினமும் காலையில் ஏழு மணிக்குக் குழாயடியில் அந்தச் சேலை முறுக்கேறி நிற்கும், தினமும் இவர் பேப்பரை உயரத் தூக்கிக்கொள்வார்.

"அப்புறம் என்னாச்சு?" என்றாள் நர்சு. பூதத்தான் பேச்சை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தான். இதோ, வந்துவிட்டது வளைவு. இவர் தலையை அசைத்தார், இடமும் வலமும், அசைத்த அசைப்பில் பத்து உதிர்ந்து சட்டையில் கொட்டியது. சொல்லாதே. ஏன், சொல்லட்டுமே, சொல்லித் தொலையட்டுமே, இவன் சொன்னால் நான் சொல்ல வேண்டாமே. இல்லை, சொல்லாதே. பூதத்தான் ஸ்டூலைவிட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தான், உலகம்மைக்கு நேராக. "அப்புறம் என்ன தாயி, கரடி அது பாட்டுக்குப் போயிட்டு. பயந்தது நான், வண்டியை விட்டது நான். மைனி, நாளைக்குக் காலையில நான் போயிருதேன். இத்தனை வருசமா உங்க கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை, கேக்க வாய் வரலை. உங்க கை போனது என்னாலதான். எம்மேல எதுவும் வச்சிக்கிடாதீங்க, மன்னிச்சிருங்க மைனி." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான், வழுக்கையில் வேர்வை. அட பாவி. இதுவா உன் பாரம். இதைச் சொல்லவா வந்தாய். ஸ்டியரிங்கை விட்டுக் கொடுத்ததற்கு நீ மன்னிப்புக் கேட்கிறாய், பிடுங்கினவன் பொன்னுக்கு வீங்கி வந்து படுத்திருக்கிறான். கரடியையும் என்னிடமே விட்டுவிட்டுப் போகிறாயே, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. உலகம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "எந்திரிங்க, தரையில என்ன உக்காந்துக்கிட்டு" என்றாள். உள்ளே போனாள். வந்தபோது கையில் காப்பி டம்ளர், இன்னொரு காப்பி, அதைத் தரையில் வைக்கவில்லை, நீட்டினாள், மடங்காத கையால் அடியைத் தாங்கி அவன் கையில் கொடுத்தாள். "ஊருக்குப் போற மனுசன். உப்புல போட்ட நெல்லிக்காய் ஒரு பாட்டில் கட்டி வச்சிருக்கேன், மகளுக்குக் கொண்டு போங்க."

அந்தச் சொல்லா, அந்தக் காப்பியா, எது என்று தெரியவில்லை, தாடை ரெண்டும் பிய்ந்து விழுகிற மாதிரி இருந்தது, பிய்ந்து விழட்டும் என்று கோமதிநாயகம் கட்டில் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். ஒரு விரல், இரண்டு விரல், அதற்கு மேல் கதவு திறக்கவில்லை, போதும். "கரடி இல்ல" என்றார். குரல் யாரோ குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வந்தது, ஆனால் தெளிவாகத்தான் வந்தது. மூன்று பேரும் திரும்பினார்கள். "கரடியே வரலை. வண்டிய ஓட்டினது நான். இவன் இல்ல, நான்." பூதத்தான் கையில் டம்ளர் அப்படியே நின்றது. நர்சு இவரையும் உலகம்மையையும் மாறி மாறிப் பார்த்தாள். உலகம்மை இவரையே பார்த்தாள், உதட்டோரத்தில் ஒரு சின்ன இழுப்பு, அழப்போகிறாள் என்று இவர் நினைத்தார், சரி, அழு, அடி, திட்டு, எதுவானாலும் சரி. அவள் பொங்கிச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாத்தியா தாயி! அஞ்சு நாளு கழிச்சு வாயைத் தொறக்காரு, தொறந்ததும் புதுசா ஒண்ணு வருது! ஆமா, நீங்க வண்டிய ஓட்டினீங்க, கரடி டிக்கெட்டுக் கிழிச்சுது. இப்பிடி நல்ல மனுசன் ஒருத்தரு மன்னிப்புக் கேக்கும்போதுகூட நடுவில பூந்து கதையைப் பிடுங்கணும், என்ன?" நர்சும் சிரித்தாள், நோட்டால் வாயைப் பொத்திக்கொண்டு. இவர் பூதத்தானைப் பார்த்தார், நீ சொல்லேன், சொல்லித் தொலையேன், சாட்சி நீ ஒருத்தன்தானே. பூதத்தான் சிரிக்கவில்லை. காப்பியை ஒரே மடக்கில் குடித்தான், வெறும் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "வாயை ரொம்பத் தொறக்காதேயும்வே, வீக்கம் கூடிரும்" என்றான். இவர் இன்னும் திறந்தார், "நெசமா, உலகு, சத்தியமா" என்று ஆரம்பித்தார், வலி வந்து மீதியை வாரிக்கொண்டு போனது. "போதும், சத்தியம் எல்லாம் எதுக்கு, அந்தக் கரடிதான் வந்து சாட்சி சொல்லணும்" என்றாள் உலகம்மை, கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, சட்டையில் உதிர்ந்த நாமக்கட்டியைத் தட்டிவிட்டு, முறுக்கிக்கொண்டிருந்த சங்கிலியை நேராக்கினாள். பிறகு மரக்கட்டை மாதிரி விறைத்த அந்த இடது கையை அவர் தாடைக்கு அடியில் கொடுத்து, நோகாமல் மேலே தூக்கி, வாயை மூடிவிட்டாள்.